கடிவாளத்துக்கு முன் வரும் கை: ஜோன் ரேரியின் கதை

1858ஆம் ஆண்டு இங்கிலாந்தில் குரூசர் என்றொரு ஆண்குதிரை இருந்தது. பந்தயக் குதிரை. மூன்று வருடங்களாக யாரும் அதன் முதுகில் ஏறவில்லை. கிட்டப் போனவர்களைக் கடித்தது, உதைத்தது. அதனால் வாயில் கனத்த இரும்புக்கூடு பூட்டித் தனியாக அடைத்து வைத்திருந்தார்கள்.

அதன் லாயத்துக்குள் போனவர் ஜோன் சொலமன் ரேரி என்ற அமெரிக்கர். அப்போது அவருக்கு 30 வயது. மூன்று மணி நேரத்தில் குரூசரின் சொந்தக்காரரே அதில் ஏறி அமர முடிந்தது. லண்டன் முழுக்க இதுதான் பேச்சு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே விக்டோரியா மகாராணியின் முன்னால் அவர் தன் வித்தையைக் காட்டியிருந்தார்.

ரேரி 1827இல் ஒஹாயோ மாநிலத்தின் குரோவ்போர்ட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே அயலவர்களின் குட்டிகளைப் பழக்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் குதிரையைப் பழக்குவது என்றால் அடித்து முறிப்பதுதான். குதிரை முரண்டு பிடிப்பது கெட்ட குணத்தால் அல்ல, பயத்தால் என்பது ரேரியின் முடிவு.

பழகாத குட்டியை லாயத்துக்குள் கொண்டுவர அவர் சொன்ன வழி எளிமையானது. முதலில் சாதுவான ஒரு குதிரையை உள்ளே கட்ட வேண்டும். துணையைக் கண்ட குட்டி தானாகவே உள்ளே வரும். பிறகு துணைக் குதிரையை வெளியே எடுத்துவிட்டு ஒரு ஆள் மட்டும் உள்ளே நிற்க வேண்டும். நாயோ கோழியோ அங்கே இருக்கக் கூடாது. அவசரப்படவும் கூடாது. குட்டி பயப்படும் பொருளை ஒளித்து வைக்காமல், அதை முகர்ந்து பார்க்க விட வேண்டும். தொடுவதும் கழுத்தில் மெதுவாகத் தொடங்க வேண்டும்.

இதெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூர்க்கமான குதிரைகளிடம் அவர் வேறொன்றும் செய்தார். முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார். மூன்று காலில் போராடிக் களைத்து குதிரை மண்ணில் சாயும். அதற்குப் பிறகுதான் தடவலும் அன்பான பேச்சும். அடி விழவில்லை, உண்மைதான். இருந்தாலும் காலைக் கட்டி வீழ்த்திய பின் காட்டப்படும் அன்பை என்னவென்று சொல்வது? கீழே கிடக்கும் குதிரை அமைதியாக இருப்பது நம்பிக்கையாலா, வேறு வழியில்லாததாலா? ரேரியை வாசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். நம்மில் பலரும் நிற்பார்கள் என நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் அவர் பக்கம் சொல்லலாம். வார் அவிழ்ந்த பிறகும் குரூசர் அவரோடு நின்றது. ஐரோப்பிய நகரங்களில் காட்சிகள் நடத்திவிட்டு 1860இல் ஊர் திரும்பியபோது அதையும் கூட்டிப் போனார். உள்நாட்டுப் போரின்போது இராணுவக் குதிரைகளின் நிலையைப் பார்த்து அறிக்கை தரும் வேலை அவருக்குக் கிடைத்தது.

பின்னர் பக்கவாதம் வந்தது. 1866 ஒக்டோபரில் இறந்தபோது அவருக்கு வயது 38. குரூசரைக் கடைசிவரை பராமரிக்க உயிலில் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகும் அந்தக் குதிரை ஒஹாயோவில் பல வருடங்கள் உயிரோடு இருந்தது.