கைகழுவச் சொன்ன மருத்துவர்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவமனைகளில் அக்கூற்று மெய்யாகவே இருந்தது. நலமாகக் குழந்தை பெற்ற தாய், சில நாள்களில் கடுங்காய்ச்சல் கண்டு உயிர் துறப்பாள். பேறுகாலக் காய்ச்சல் எனப்பட்ட அந்நோயைத் தடுக்க வழி கண்டவர்களுள் முதன்மையானவர் இக்னாஸ் செமல்வைஸ்.

ஹங்கேரியின் பூடா நகரில், 1818ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று, வணிகர் குடும்பத்தில் அவர் பிறந்தார். சட்டம் பயில வியன்னா சென்றவர், மனம் மாறி மருத்துவம் கற்று 1844இல் பட்டம் பெற்றார். 1846இல், தம் 28ஆம் அகவையில், வியன்னா பொது மருத்துவமனையின் முதலாம் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவரானார்.

அங்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலாம் பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் பயிற்சி பெறும் மருத்துவச்சிகளும் பேறு பார்த்தனர். 1846இல் முதலாம் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ மூவருக்கும் குறைவே. இதனை அறிந்த ஏழைப் பெண்கள், முதலாம் பிரிவில் சேர்க்க வேண்டா என்று மன்றாடினர். தீய காற்றே நோய்க்குக் காரணம் என்று மூத்தோர் கூறினர். ஒரே கட்டடத்தின் காற்று ஒரு பிரிவை மட்டும் தாக்குமா என்று செமல்வைஸ் சிந்தித்தார்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் யாக்கோப் கோலெச்கா இறந்தார். பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவர் உடலிற்கண்ட அறிகுறிகள், இறந்த தாய்மார் உடலிற்கண்டவற்றை ஒத்திருந்தன. உண்மை புலப்பட்டது. பிணக்கூறாய்வு முடித்த கைகளுடனேயே மாணவர்கள் பேறு பார்க்க வந்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிணக்கூறாய்வுப் பணி இல்லை. தம் கைகளும் அப்பழிக்கு நீங்கியவை அல்ல என்பதைச் செமல்வைஸ் மறைக்கவில்லை.

அவ்வாண்டு மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பின்னரே பேறு பார்க்க வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூனில் இரண்டளவிற்குக் குறைந்தது.

ஆயினும் மருத்துவ உலகம் அவரைப் போற்றவில்லை. அவர் கூற்றை ஏற்பின், உயிர்காக்கும் கைகளே உயிர்பறித்தன என்பதையும் ஏற்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத நச்சுப்பொருள் யாதென அவராலும் விளக்க இயலவில்லை. 1849இல் அவருடைய பணிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. பெஸ்ட் நகருக்குத் திரும்பி, புனித ரோக்கஸ் மருத்துவமனையில் அதே முறையைக் கையாண்டு தாய்மார்களைக் காத்தார். தம் ஆய்வை நூலாக வெளியிட 1861 வரை காலம் தாழ்த்தியதும், மறுத்தோரைக் கடுஞ்சொற்களால் சாடியதும் பகையை வளர்த்தன.

மனநலம் குன்றிய நிலையில் வியன்னாவின் மனநலக் காப்பகம் ஒன்றில் சேர்க்கப்பட்ட அவர், 1865 ஆகஸ்டு 13ஆம் நாள், 47ஆம் அகவையில் மறைந்தார். காயத்தின் வழியே குருதியிற் பரவிய நச்சே அவர் உயிரையும் கவர்ந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், பேறுகாலக் காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரியை லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் இன்று செமல்வைஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருத்துவர் ஒவ்வொருவரும் நோயாளியைத் தொடுமுன் கைகழுவுவது, அவர் வலியுறுத்திய நெறியே ஆகும்.