வெஸ்டிங்ஹவுஸும் காற்றுத் தடையும்

விரைந்து செல்லும் சரக்கு வண்டியை ஓட்டுவதினும் நிறுத்துவது அரிது. அவ்வரிய செயலை எளிதாக்கியவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ஆவார். அவர் 1846-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்துச் சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவுக் கருவிகள் செய்யும் தொழிற்கூடம் நடத்தி வந்தார். இளமையில் அவர் ஏட்டுக் கல்வியினும் அக்கூடத்து வேலையையே பெரிதும் விரும்பினார்.

அக்காலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் எனப்படும் தடை தனித்தனியே இருந்தது. ஓட்டுநர் ஊதல் ஒலித்ததும், தொழிலாளர் ஓடும் பெட்டிகளின் கூரைமேல் ஏறி, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவிச் சென்று, தடைகளைக் கையால் திருகுவர். மழையிலும் பனியிலும் கால் வழுக்கி வீழ்ந்து மாண்டோர் பலர். ஒருமுறை இரு சரக்கு வண்டிகள் மோதிச் சிதைந்து கிடந்ததை வெஸ்டிங்ஹவுஸ் கண்டார். எல்லாப் பெட்டிகளின் தடையும் ஓட்டுநர் ஒருவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது.

ஆல்ப்ஸ் மலையைக் குடையும் துளைக்கருவிகள் அழுத்தக் காற்றால் இயங்குவதை ஓர் இதழில் படித்தார். காற்றே தடைக்கும் உதவும் எனத் தெளிந்து, 1869-இல் காற்றுத் தடைக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத்திலிருந்து குழாய்வழி வரும் காற்று, தடைக்கட்டையைச் சக்கரத்தின்மீது அழுத்தியது. ஆயினும், குழாய் அறுந்தால் தடை பயன்படாது போயிற்று. ஆகவே 1872-இல் அம்முறையை மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் காற்றுக்கலம் ஒன்று அமைத்தார். குழாயில் காற்றழுத்தம் குறைந்ததும் தடை தானே பற்றியது. வண்டி இரண்டாக அறுந்தாலும் இரு பகுதிகளும் நின்றன.

வன்மையாக அழுத்துவதே நல்ல தடையாகுமா? 1878-இல் இங்கிலாந்தில், கால்ட்டன் என்னும் பொறியியல் அறிஞர் வெஸ்டிங்ஹவுஸின் துணையுடன் இதனை ஆராய்ந்தார். சக்கரம் விரைந்து சுழலும்போது உராய்வு குறைவு. விரைவு தணியத் தணிய உராய்வு மிகும் என்பது புலனாயிற்று. அழுத்தம் அளவு கடந்தால் சக்கரம் சுழலாது தண்டவாளத்தின்மீது சறுக்கும். சறுக்கும் சக்கரம் வண்டியை விரைவில் நிறுத்தாது. ஓரிடத்திலேயே தேய்ந்து தட்டையும் ஆகும். தடைக்கட்டை தேய்ந்தால் எளிதில் மாற்றலாம். சக்கரம் கெட்டால் இழப்புப் பெரிது. எனவே முதலில் மிக அழுத்தி, நிற்கும் தறுவாயில் தளர்த்துவதே தக்க முறையாகும்.

நீண்ட சரக்கு வண்டிகள் அவரை மீண்டும் சோதித்தன. 1886, 1887-ஆம் ஆண்டுகளில் பர்லிங்டன் நகரில் ஐம்பது பெட்டிகளைக் கோத்துச் சோதனைகள் நடந்தன. முன்பெட்டிகளின் தடை முதலில் பற்றியது. பின்பெட்டிகள் அவற்றின்மீது பலமாக மோதின. வெஸ்டிங்ஹவுஸ் மனந்தளரவில்லை. ஒவ்வொரு பெட்டியும் தன்னிடத்திலேயே குழாய்க் காற்றை வெளிவிடுமாறு அடைப்பானைத் திருத்தினார். அவ்வாண்டிற்குள்ளேயே நெடிய வண்டியும் அதிர்ச்சியின்றி நின்றது. 1893-இல், ஓட்டுநரே வண்டியை அடக்கத்தக்க தடைகள் வேண்டும் என அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. கூரைமேல் ஓடித் தடை திருகும் கொடுமை படிப்படியாக மறைந்தது.

மாறுமின்னோட்டத்தைப் பரப்புவதிலும் பெரும்பங்கு கொண்ட அவர், 1914-இல் மறைந்தார். ஆற்றலை அளவறிந்து செலுத்துவதே அறிவுடைமை என்பதை அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.