17 வயது பையன் பந்து வீச்சு: அமெரிக்கச் சூரர்கள் 4 பேர் வரிசையாக அவுட்!

யுத்தம் விழுங்கிய ஜப்பான் வீரர் சவாமுராவின் கதை

எதிரே மட்டையோடு நிற்பவர் பேப் ரூத். அமெரிக்காவே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பேஸ்பால் வீரர். பந்து வீசுவதோ 17 வயது பையன். ஜெயித்தது யார் தெரியுமா? பையன்தான்!

அவன் பெயர் எய்ஜி சவாமுரா. 1917-ல் ஜப்பானில் பிறந்தவன். நம்ம ஊரில் கிரிக்கெட் மாதிரி அங்கே பேஸ்பாலுக்குத்தான் மவுசு.

படிப்பை விட்டான்

1934-ல் அமெரிக்க நட்சத்திர வீரர்களை யோமியூரி என்ற பத்திரிகை ஜப்பானுக்கு வரவழைத்தது. அவர்களோடு மோத ஆள் தேடினார்கள். கியோட்டோ நகரில் வணிகப் பள்ளியில் படித்த சவாமுராவுக்கு அழைப்பு வந்தது.

அதில் ஒரு சிக்கல். சம்பளத்துக்கு ஆடும் வீரர்களோடு மாணவர்கள் ஆடக் கூடாது என்று அப்போது தடை இருந்தது. படிப்பா, பந்தா? பையன் படிப்பை விட்டான்.

வரிசையாக அவுட்

1934 நவம்பர் 20. ஷிசுவோகா நகரின் குசநாகி மைதானம். சார்லி கெரிங்கர், பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி பாக்ஸ்... நாலு பேரும் சூரர்கள். நாலு பேரையும் அடுத்தடுத்து 'ஸ்டிரைக் அவுட்' செய்தான் சவாமுரா. அடிப்பவர் 3 தடவை கோட்டை விட்டால் இப்படி அவுட். அன்று மட்டும் 9 முறை இதைச் செய்தான்.

7-வது இன்னிங்சில் கெரிக் ஒரே ஒரு 'ஹோம் ரன்' அடித்தார். 1-0 என்று அமெரிக்கா தப்பிப் பிழைத்தது. தோற்றும் பெயர் வாங்கியவன் சவாமுராதான்.

20 வயதில் 24 வெற்றி

பிறகு டோக்கியோ ஜயண்ட்ஸ் அணியில் சேர்ந்தார். 1936-ல் ஜப்பானில் சம்பள ஆட்டப் போட்டிகள் தொடங்கின. அந்த ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி, ஆட்டம் முழுக்க எதிர் அணிக்கு ஒரு 'ஹிட்' கூட கொடுக்கவில்லை. அந்தப் போட்டிகளில் இது முதல் சாதனை. 1937 வசந்த கால போட்டியில் 24 வெற்றி, 4 தோல்வி. சிறந்த வீரர் பட்டமும் அவருக்கே. வயசு 20தான்!

கை கெட்டது

1938 தொடக்கத்தில் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். சீனாவில் சண்டை. நல்லா வீசுகிற கை என்று கனமான கையெறி குண்டுகளை வீசச் சொன்னார்கள். தோள் கெட்டது. மலேரியா காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

1940-ல் திரும்பி வந்தார். கையை மேலே தூக்கி வீச முடியவில்லை. பக்கவாட்டில் வீசினார். அப்படியும் அந்த ஆண்டு ஜூலையில் இன்னொரு முறை 'ஹிட்' கொடுக்காமல் ஜெயித்தார்!

விடவில்லை பட்டாளம். 1941-ல் மறுபடி அழைப்பு. 1943-ல் மைதானத்துக்கு வந்தபோது பழைய வேகம் போய்விட்டது. ஒரு வெற்றி கூட கிடைக்கவில்லை. அணியும் கை கழுவியது.

கடலில் முடிந்தது

1944-ல் மூன்றாவது அழைப்பு. பிலிப்பைன்ஸ் நோக்கிப் போன கப்பலை டிசம்பர் 2-ந் தேதி அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. சவாமுரா பலியானார். வயது 27.

1947-ல் அவர் பெயரில் சிறந்த பந்து வீச்சாளர் விருது ஏற்படுத்தினார்கள். அவர் போட்ட 14-ம் நம்பர் சட்டையை ஜயண்ட்ஸ் அணி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.