டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்

சயானில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே பம்பாய்க்கு வந்தவர். தாராவியில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதியவர். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. பக்கவாதம் அவருடைய ஒரு பக்கத்தைச் சாய்த்துவிட்டது. பிள்ளைகள் சக்கர நாற்காலி வாங்கித் தந்தார்கள். அது வீட்டிற்குள் உருளுகிறது; வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலில் ஐந்து படிகள். அவற்றைக் கடந்து அவர் தெருவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அவரைக் காணும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றே. கால் எப்படி இருக்கிறது, வேறு டாக்டரைப் பார்த்தீர்களா என்பேன். அந்தப் படிகளைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. என்னை நினைக்கச் செய்தது ஓர் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு. அதை மாணவ நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கொச்சிப் பகுதியில் பிறந்தார். தாய்மொழி மலையாளம், அவர் படித்ததும் பணி செய்ததும் தமிழ் மண்ணில். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று டாக்டரானார். மகளிர் மருத்துவத்தில் சிறக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

1954ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், மருத்துவமனைத் தோழர்களுடன் உலாவுக்குச் சென்ற மோட்டார் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, அசைவும் இல்லை. நோயாளிகளுக்குப் படுக்கை காட்டியவர் அதே மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தார். அறுவைச் சிகிச்சைகள் பல நடந்தன. உயிர் நின்றது, கால்கள் திரும்பவில்லை.

அந்நாளில் முதுகுத்தண்டு முறிந்தவரின் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். படுக்கைப் புண்ணும் சிறுநீரக நோயும் சில ஆண்டுகளில் உயிரைக் கொண்டுபோகும். மருத்துவம் கைவிரித்தால் வாழ்க்கையும் முடிந்தது என்பதே உலகத்தின் எண்ணம்.

அவ்வெண்ணத்தை மாற்றியவர் டாக்டர் பால் பிராண்டு. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் உருவாக்கிக்கொண்டிருந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். அதற்குக் கால் எதற்கு என்று அவர் மேரிக்கு எடுத்துச் சொன்னார். மேரி சக்கர நாற்காலியில் அறுவை அறைக்குள் நுழைந்தார். நல்ல தசைநாரை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு இணைக்கும் நுண்ணிய வேலையை நாற்காலியிலிருந்தே கற்றார். நடக்க முடியாதவர், பிடிக்க முடியாத கைகளைப் பிடிக்கச் செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய முதுகுத்தண்டு முன்போலவே முறிந்துதான் இருந்தது. மாறியது அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம். அந்த இடம் கிடைத்ததும் நோயாளி மீண்டும் டாக்டரானார்.

தொழுநோயாளரைப் பற்றி நம் வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சயானுக்குப் பக்கத்தில் வடாலாவில் உள்ள அக்வர்த்து தொழுநோய் மருத்துவமனை 1890இல் தொடங்கியது, தெருவில் திரிந்த நோயாளரை ஊரிலிருந்து ஒதுக்கி வைக்கும் புகலிடமாகத்தான். வேலூரிலும் ஊர் அப்படியே இருந்தது. விரல் நிமிர்ந்தவர்கள் சிலர் திரும்பி வந்து பிராண்டிடம் முறையிட்டார்கள். கோணல் கைக்குப் பிச்சை விழுந்தது. நேரான கைக்கு அதுவும் விழவில்லை. தொழுநோய் வந்த கை என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை என்பது அவர்கள் குறை. கையைச் செப்பனிட்டால் போதாது என்பதை அவர் உணர்ந்தார். நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பை அமைத்து, அங்கே தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தார்கள்.

இந்தப் பாடம் மேரியின் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த்து நகருக்குச் சென்று, டாக்டர் ஜார்ஜ் பெட்புரூக்கின் மருத்துவமனையில் பிறர் துணையின்றி வாழப் பயின்றார். பின்பு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். தாயகம் திரும்பி வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் ஒன்றை எழுப்பினார். முதுகுத்தண்டு முறிந்தவர்கள் அங்கே தங்கினார்கள்; புண் வராமல் உடலைக் காக்கவும், நாற்காலியில் ஏறி இறங்கவும், தொழில் செய்யவும் கற்றார்கள். 1972இல் அரசு அம்மையாருக்குப் பத்மசிறீ விருது அளித்தது. 1986 திசம்பரில் இயற்கை எய்தினார். நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் பாகாயத்தில் உழைத்த காலத்தில், இங்கிலாந்தில் ஊனமுற்றோரே ஒன்றுகூடி ஒரு புதிய கேள்வியை எழுப்பினார்கள். தங்களை முடக்குவது உடலின் குறையா, அந்த உடலுக்கு இடம் தராத சமுதாயமா என்பது அக்கேள்வி. சமுதாயமே என்று 1976இல் தங்கள் கொள்கையை வெளியிட்டார்கள். 1983இல் மைக்கேல் ஆலிவர் என்ற பேராசிரியர் இவ்விரு நோக்குகளுக்கும் பெயரிட்டார். குறையை உடலில் மட்டும் தேடுவது தனிமனித நோக்கு. அதையே மருத்துவ நோக்கு என்றும் சொல்கிறார்கள். தடையைச் சூழலில் தேடுவது சமூக நோக்கு. ஆலிவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவரே. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும், உடலின் குறையும் வெளியிலுள்ள தடையும் சேர்ந்தே ஒருவரை முடக்குகின்றன என்று வரையறுக்கிறது.

இவ்விரண்டில் ஒன்றை எடுத்து மற்றொன்றைத் தள்ளிவிடலாமா? கூடாது என்றே மேரி அம்மையாரின் வாழ்க்கை எனக்குச் சொல்கிறது. அறுவையும் மருந்தும் இல்லையேல் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். அறுவை அறையின் கதவு திறக்காதிருந்தால் உயிரோடு இருந்தும் பயன் இருந்திராது. முன்னதை மருத்துவர் செய்தார். பின்னதைச் செய்ய மருத்துவப் பட்டம் தேவையில்லை. அது நம் கையில் இருக்கிறது.

ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளி என்கிறோம். சொல்லை மாற்றினோம், நல்லதே. படியை மாற்றினோமா? சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கத்தின் அழைப்பிதழை அண்ணாச்சியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விழா நடந்தது மாடிக் கூடத்தில். அவர் அழைப்பிதழைப் படித்தார், சிரித்தார், பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. இன்று விளங்குகிறது, வெட்கமாக இருக்கிறது.

வரும் பொங்கலைக் கீழ்த்தளத்தில் வைப்போம் என்று சங்கச் செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன். எங்கள் கட்டடத்து ஐந்து படிகளின்மேல் சாய்தளம் அமைக்க, குடியிருப்போரிடம் பணம் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். பெரிய செயல் அன்று. ஆயினும் அண்ணாச்சியின் நாற்காலி தெருவுக்கு வர அது போதும். உங்கள் வாசலிலும் எத்தனை படிகள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே.