பதவியைச் சொல்லாத கல்லறை

ரயில்வேயில் ஓய்வு பெறுபவருக்கு நடக்கும் பிரிவு உபசார விழாவை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாலை போட்டுப் பாராட்டு மடல் வாசிப்பார்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார், என்ன பதவியில் ஓய்வு பெறுகிறார் என்று வரிசையாக வரும். ஒன்று விட்டுப்போனாலும் மனிதருக்கு மனத்தாங்கல்தான். பிறகு அந்தப் பதவி வீட்டு வாசல் பலகையிலும் ஏறிவிடும்.

எட்டு ஆண்டுகள் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒருவரோ, தமது கல்லறையில் அந்தப் பதவி இடம்பெறாதபடி வாசகம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர்தான் தாமஸ் ஜெபர்சன்.

நண்பருக்குத் தந்த வாக்கு

ஜெபர்சன் 1743 ஏப்ரல் 13ந் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். தந்தை நில அளவையாளர், பண்ணை முதலாளி. ஜெபர்சனின் 14வது வயதில் அவர் காலமானார். நிலமும் அடிமைகளும் மகனுக்குச் சொத்தாக வந்தன. வில்லியம்ஸ்பர்க் நகரில் கல்லூரிப் படிப்பை முடித்து, சட்டம் பயின்று வக்கீலானார்.

இளமையில் அவருக்கு டாப்னி கார் என்றொரு நண்பர். இருவரும் மான்டிசெல்லோ குன்றில் ஓர் ஓக் மரத்தடியில் அமர்ந்து படிப்பார்களாம். யார் முதலில் இறந்தாலும் மற்றவர் அந்த மரத்தடியில் அடக்கம் செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். 1773ல் கார் இறந்தார். ஜெபர்சன் வாக்கைக் காப்பாற்றினார். அப்படி உண்டானதுதான் மான்டிசெல்லோ குடும்ப இடுகாடு. பத்தாண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி மார்த்தாவையும் 1782ல் அங்கேதான் அடக்கம் செய்தார். பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

மூன்று காரியங்கள்

தமக்கு எழுப்ப வேண்டிய கல்லறைத் தூணின் படத்தை ஜெபர்சன் தாமே வரைந்தார். அதில் பொறிக்க வேண்டியதையும் எழுதினார். மூன்றே செய்திகள், அதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது என்பது அவர் கட்டளை.

முதலாவது, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் என்பது. 1776ல் பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியை உதறிய அந்தப் பிரகடனத்தின் நகலைத் தயாரித்தபோது அவருக்கு வயது 33.

இரண்டாவது, வர்ஜீனியாவின் மத சுதந்திரச் சட்டத்தை எழுதியவர் என்பது. அங்கே முன்பு ஆங்கிலத் திருச்சபைதான் அரசாங்கத்தின் சபை. அதன் பராமரிப்புக்கு மற்றவர்களும் வரி கட்ட வேண்டியிருந்தது. எந்த வழிபாட்டையும் யார் மீதும் திணிக்கலாகாது, நம்பிக்கைக்காக எவரையும் தண்டிக்கலாகாது என்றது ஜெபர்சனின் மசோதா. பல ஆண்டுகள் இழுபறிக்குப் பின் 1786ல் அது நிறைவேறியது. அப்போது அவர் பாரிசில் தூதராக இருந்தார். சட்டசபையில் அதை நிறைவேற்றிக் கொடுத்தவர் அவருடைய நண்பர் ஜேம்ஸ் மாடிசன்.

மூன்றாவது, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை என்பது. 1825ல் வகுப்புகள் தொடங்கிய அதன் கட்டடங்களை வடிவமைத்தவரும் அவரே. நடுநாயகமாக மாதா கோயில் வரவில்லை, நூலகம் வந்தது.

மன்னனிடமிருந்து விடுதலை, மதக் கட்டாயத்திலிருந்து விடுதலை, அறியாமையிலிருந்து விடுதலை. ஒரு கட்சி அறிக்கைக்குப் போதுமான கொள்கை அந்தக் கல்லில் அடங்கிவிட்டது.

கவர்னர், வெளியுறவு மந்திரி, உப ஜனாதிபதி, ஜனாதிபதி என்று அவர் வகித்த பதவிகள் ஒன்றுகூட அதில் இல்லை. 1803ல் பிரான்சிடமிருந்து லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கி நாட்டின் பரப்பை ஏறக்குறைய இரு மடங்காக்கியதும் இல்லை. பதவி மக்கள் தமக்குக் கொடுத்தது, இந்த மூன்றும் தாம் மக்களுக்குக் கொடுத்தவை என்று அவர் கணக்குப் பார்த்ததாகவே தோன்றுகிறது.

கல்லில் இல்லாதது

பிரகடனம் ஏற்கப்பட்ட 50வது ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4ந் தேதி ஜெபர்சன் தமது 83வது வயதில் காலமானார். அவருக்கு முன் ஜனாதிபதியாக இருந்த ஜான் ஆடம்சும் அதே நாளில் இறந்தார்.

ஜெபர்சன் விட்டுச் சென்ற கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். அதை அடைக்க 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. மேஜை நாற்காலிகளோடு அடிமைகளாக இருந்த 130 பேரும் ஏலப் பட்டியலில் இருந்தார்கள். ஏலத்தில் குடும்பங்கள் சிதறின. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவர், வாழ்நாளில் 600க்கும் அதிகமானோரை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை முறை தவறு என்று அவரே பலமுறை எழுதியிருக்கிறார். ஜனாதிபதியாக இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டத்தில் 1807ல் கையெழுத்திட்டார். ஆனால் உயிலில் அவர் விடுதலை செய்தது ஐந்து பேரை மட்டுமே. அவர்களில் இருவர் சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணின் புதல்வர்கள். 1998ல் வெளிவந்த மரபணுச் சோதனைக்குப் பிறகு, அவளுடைய பிள்ளைகளுக்குத் தந்தை ஜெபர்சனே என்பதைப் பெரும்பாலான சரித்திர ஆசிரியர்கள் ஏற்கிறார்கள்.

கல்லின் விலைக்கு ஆசைப்பட்டு யாரும் உடைத்துவிடக் கூடாது என்று முரட்டுக் கல்லாகவே கேட்டிருந்தார் ஜெபர்சன். அந்தக் கணக்குத் தப்பியது. 1833ல் நாட்டிய தூணைப் பார்க்க வந்தவர்கள், நினைவுப் பொருளாகத் துண்டு துண்டாகப் பெயர்த்துச் சென்றார்கள். பின்னர் அமெரிக்கக் காங்கிரசின் பணத்தில் பெரிய தூண் எழுப்பப்பட்டது. பழைய கல் 1883ல் மிசூரி பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே மான்டிசெல்லோவில் அடிமைகளின் இடுகாடு ஒன்றும் பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. சுமார் 40 சமாதிகள். யார் யார் என்று சொல்ல அங்கே ஓர் எழுத்துக்கூட இல்லை.

தமது பதவிகளை ஜெபர்சன் தாமே விரும்பி விட்டார். அது பெருந்தன்மை. அந்த 40 பேரின் பெயர்களோ, அவர்கள் விரும்பி விட்டவை அல்ல. தூணில் உள்ள மூன்று செய்திகளை வாசிக்கிறவர்கள் இந்த இடுகாட்டையும் பார்த்துவிட்டு வந்தால்தான் ஜெபர்சனின் வரலாறு முழுமையாகும்.