பாட்டால் பக்தி வளர்த்த சாஸ்திரியார்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை தேவசகாயம் ஓர் உபதேசியார். அங்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனின் அறிவைக் கண்டு மகிழ்ந்தார். தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று சொந்தப் பிள்ளையைப் போல வளர்த்தார். இளவரசர் சரபோஜியும் அவரிடமே பாடம் கற்றார். இருவரும் நண்பர்களாயினர்.

வாலிபரானதும் வேதநாயகம் மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். எழுத்தறியாத ஏழைக்கும் வேதம் புரிய வேண்டுமே! கும்மி, குறவஞ்சி, கீர்த்தனை என்று மக்கள் பாடிப் பழகிய முறையிலேயே வேதக் கதைகளைப் பாடினார். 'பெத்லகேம் குறவஞ்சி' அவற்றுள் புகழ் பெற்றது.

பின்னர் வந்த பாதிரிமார் சிலர் அந்தத் தமிழ்ப் பாட்டுகளை ஆலயத்தில் விரும்பவில்லை. சபையில் சாதி வேற்றுமை கூடாது என்றும் கண்டித்தனர். சாஸ்திரியார் இரண்டிலும் அவர்களை எதிர்த்தார். பாட்டுக்காக வாதாடியது நியாயம். சாதிக்காக வாதாடியதோ அவர் வாழ்வில் ஒரு குறையே. 1829-ல் வேலை போயிற்று. பால்ய நண்பர் சரபோஜி மன்னர் கைகொடுத்தார். அரண்மனைக் கவிராயர் ஆக்கினார்.

1832-ல் மன்னர் மறைந்தார். அதன் பின்னும் பாட்டு நிற்கவில்லை. 1864-ல் சாஸ்திரியார் காலமானார்.

மாலை ஜெபத்தில் தாய் பாட, குழந்தை கூடப் பாடுகிறது. அந்த வீட்டில் சாஸ்திரியார் இன்றும் வாழ்கிறார்.