வாள்வித்தைக்கு மறுவாழ்வளித்த அல்பிரட் ஹட்டன்

காவியம் ஏட்டில் எழுதப்பட்டால் நெடுநாள் வாழும். உடலாற் பயிலும் கலையோ ஆசானிடமிருந்து மாணவனுக்கு வழிவழி வரவேண்டியது. அத்தொடர்பு ஒரு தலைமுறையில் அறுந்துவிட்டால், எஞ்சிய நூல்கள் ஊமை கண்ட கனவாகிவிடும். ஐரோப்பாவின் பழைய வாள்வித்தைக்கு நேர்ந்த கதி இதுவே. ஊமையாய்க் கிடந்த அந்நூல்களைப் பேசவைக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் கப்டன் அல்பிரட் ஹட்டன்.

1839 மார்ச் 10 ஆம் திகதி, இங்கிலாந்தின் பெவர்லி நகரில், படையதிகாரி ஒருவரின் கடைசி மகனாக ஹட்டன் பிறந்தார். பன்னிரண்டு வயதில் இலண்டனில் அஞ்சலோ குடும்பத்தாரின் வாட்பள்ளியிற் சேர்ந்தார். 1763 இல் புகழ்பெற்ற வாள்நூல் ஒன்றை வெளியிட்ட டொமெனிக்கோ அஞ்சலோவின் வழிவந்த பள்ளி அது. பின்னர் ஒக்ஸ்போட்டிற் புகுந்தும் பட்டம் பெறாமலே வெளியேறி, 1859 இல் ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவொன்றிற் சேர்ந்தார். அப்படையுடன் இந்தியா சென்றவர், அங்கே தோழர்களுக்கென ஒரு வாட்கழகம் அமைத்தார். அதற்காக அவர் எழுதிய பன்னிரண்டு பக்கச் சிறுநூல் 1862 இல் சிம்லாவில் வெளியாயிற்று. அதுவே அவரது முதல் நூல்.

நோயுற்று 1864 இல் தாயகம் மீண்ட ஹட்டன், குதிரைப்படைகளிற் பணியாற்றி, 1873 இல் ஓய்வுபெற்றார். மணம் புரியாத அவரது பிற்கால வாழ்வு பெரும்பாலும் வாளுக்கே உரியதாயிற்று.

அந்நாளில் ஃபொயில் எனும் மென்வாளும், சேபர் எனும் வெட்டுவாளும் பயில்வோர் இருந்தனர். ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் இருகை வாளையோ, ஒரு கையில் நீள்வாளும் மறுகையிற் குத்துவாளும் ஏந்திப் பொரும் முறையையோ கற்பிக்க ஆசானில்லை. 1536 இல் வெளிவந்த மரோத்சோவின் நூல் போன்ற பழைய ஏடுகளே எஞ்சியிருந்தன. அவற்றை ஹட்டனும், 1885 இல் வாள்வித்தையின் வரலாற்றை எழுதிய எகேட்டன் காசிலும் ஊன்றிக் கற்றனர்.

கற்றதோடு அவர்கள் அமையவில்லை. ஏட்டிலுள்ள படம் வீச்சின் ஒரு கணத்தையே காட்டும். அதற்கு முன்னும் பின்னும் கால் எங்கே செல்லும் என்பதை, எதிராளி முன்னே வாளேந்தி நின்றே அறியவேண்டும். ஆகவே இருவரும் பழைய முறைகளைத் தாமே பயின்று அவையோர்முன் ஆடிக் காட்டினர். ஹட்டன் நாடக நடிகருக்கும் கற்பித்தார். 1889 இல் சேபர் பற்றிய பெருநூலையும், 1892 இல் பழைய முறைகளைப் பாடங்களாக வகுத்த நூலையும் அவர் வெளியிட்டார்.

இவ்வாறு செய்து கற்பதற்குப் பயிற்சிவாளைத் தெரிவது முதற் பிரச்சினையாகும். கூர்வாளாற் பயின்றால் உயிருக்கு ஆபத்து. மென்வாளாற் பயின்றால் கலையே பொய்யாகும். இன்றைய விதிப்படி மென்வாள் அரைக் கிலோவுக்கு மேற்படலாகாது. பழைய இருகை நீள்வாளோ பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை நிறையுடையது. மென்வாள் விரலசைவுக்கே பணியும். நீள்வாளுடன் இடுப்பும் காலும் கூடவே செல்லவேண்டும். ஆதலால் பயிற்சிவாள் வாயும் முனையும் மழுங்கியதாயினும், நிறையிலும் சமநிலையிலும் மெய்வாளை ஒத்திருத்தல் வேண்டும். பழைய ஆசான்களும் இதனை அறிந்திருந்தனர். 1570 இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் யோவாக்கிம் மையர் வெளியிட்ட நூலின் படங்களில், பிடியருகே அகன்றும் அதற்கு மேல் ஒடுங்கியும் அமைந்த பயிற்சிவாள்களைக் காணலாம். அவ்வமைப்பிலே செய்த உருக்குவாள்களையே இன்று நீள்வாள் பயில்வோர் பலரும் கையாளுகின்றனர்.

1910 டிசெம்பர் 18 ஆம் திகதி ஹட்டன் இலண்டனிற் காலமானார். அரிதிற் சேர்த்த வாள்நூல்களை விக்டோரியா அல்பேட் அரும்பொருட்சாலைக்கு விட்டுச்சென்றார். நான்கு ஆண்டுகளில் மூண்ட உலகப்போரின் பின் இம்முயற்சி பெரிதும் மங்கிற்று. 1990 களிலேயே பரவலாக மீண்டும் தழைத்தது. இன்றைய ஆய்வாளர் அக்காலத்தார் முடிவுகள் பலவற்றை ஏற்பதில்லை. பழைய முறைகள் முதிராதவை, பின்வந்தவையே செம்மையானவை என்ற அக்காலக் கருத்தை அவர்கள் மறுக்கின்றனர்.

ஆயினும் மறுப்போரும் ஏட்டை விரித்து, தக்க வாளைத் தெரிந்து, எதிராளி முன்னே நின்றே தம் முடிவைச் சோதிக்கின்றனர். அது ஹட்டன் நடந்து காட்டிய பாதை.